அரைப்புள்ளி

என் அக்கா பூங்குழலியின் உடம்பில் ஓடுவது ஊரில் யாருக்கும் பொருந்தாத ரத்தம் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. கொள்ளேகாலத்தில் எந்த லேபில் பார்த்தாலும் ஓ என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் மாதத்தில் மைசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பொருத்தம் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பாம்பே குரூப். பார்வைக்கு ஓ போலவே இருக்குமாம். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் அவளுக்குக் கொடுக்க முடியும். கூடப் பிறந்த நான் நிஜமான ஓ. கையை நீட்டிக்கொண்டு நின்றேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும், நாளைக்கு மேல் தள்ள முடியாது, ரத்தம் நிறையப் போகும் என்று மருத்துவர் காலையில் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். பெங்களூரில் கேட்டாயிற்று, இல்லை. மும்பையிலிருந்து வரவழைக்கலாம், நாளாகும். அந்த ரத்தம் பக்கத்தில் இல்லாமல் ஆரம்பித்தால் தாயைக் காப்பாற்றுவதாக என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அக்காவின் கணவர் மதன் மாமா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மீனா, உன்ற ஆபீசுல ரத்தம் குடுக்கறவங்க பேரெல்லாம் வெச்சிருக்கறீங்கல்ல? ஒருத்தர்கூடவா இல்ல?"

"இருந்தாங்க மாமா. ஒரே ஒருத்தர் இருந்தாங்க. எங்கூட வேல பாத்த ஸ்ரீவத்ஸ் சொன்னான்."

"அப்பறம் என்ன? அவருகிட்டக் கேளு."

"அது யாருன்னு தெரிஞ்ச ஸ்ரீவத்ஸ் ஆடியில செத்துப் போயிட்டான் மாமா."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்கு விரட்டினேன். மார்கழி வெயில் சுள்ளென்று அடித்தது. வழியில் ஒரு ஆட்டோக்காரரைத் திட்டினேன். தப்பு என் பேரில்தான்.

எங்கள் ஆபீஸ் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே மாடியில் இருக்கிறது. படியேறுகிறவர்கள் தும்மாமல் உள்ளே வந்ததில்லை. மைசூர், சாமராஜநகர் பக்கம் ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களின் விவரத்தை ஒரு டிரஸ்டுக்காக நாங்கள் டேட்டாபேஸில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். பேர், ஊர், ரத்த வகை, போன் நம்பர். லேப்டாப்பைத் திறந்து, பாம்பே குரூப் யார் யார் என்று கேட்டேன். வரிகள் பூஜ்யம் என்று பதில் வந்தது. ஒருவேளை தப்பாக அடித்திருப்பேனோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் பூஜ்யம்.

ஸ்ரீவத்ஸ் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். மேல்கோட்டை வேர் உள்ள ஐயங்கார் குடும்பம். வீட்டில் பேசும் பழைய தமிழை ஆபீசிலும் பேசுவான், நடுவில் கன்னடம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். டேட்டாபேஸுக்குள் போனதும் அவன் முதலில் அடிப்பது இரண்டு சிறுகோடு, பக்கத்தில் 'ஸ்ரீ'. கோடு போட்டு எழுதினால் மெஷின் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாது, மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு என்று விட்டுவிடும்.

"மெஷினுக்கு எதுக்குடா ஸ்ரீ?" என்று கேட்டிருக்கிறேன்.

"மெஷினுக்கு இல்லடீ, ஆரம்பிக்கறவனுக்கு" என்றான்.

முடிக்கும்போதும் அப்படித்தான். பின்சாய்கோடு ஒன்று, க்யூ ஒன்று அடித்து முறையாக விடைபெற்றுத்தான் வெளியே வருவான். நான் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்துவிடுவேன். இன்னொரு கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. டேட்டாபேஸிடம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் அரைப்புள்ளியில் முடிக்க வேண்டும். வைக்காவிட்டால் அது வேலையைத் தொடங்காது, நீ இன்னும் பேசி முடிக்கவில்லை என்று காத்துக்கொண்டிருக்கும். நான் அதை வைக்க மறந்துவிட்டு, மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று கத்துவேன். அவன் எட்டிப் பார்த்துச் சிரிப்பான். என் பேரே அவனுக்கு அரைப்புள்ளிதான்.

"ஏ அரைப்புள்ளி, மறுபடி விட்டுட்டயா? அது எங்கயும் போகாது. நீ முடிக்கற வரைக்கும் காத்துண்டிருக்கும்."

ஆடி மாதம் ஒரு நாள் அவன் என்னிடம் வினோதமாக ஒன்று கேட்டான். "உங்க பக்கத்துல ஒரே ஆத்துல ரெண்டு சென்னம்மா இருப்பாளோ?" நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் அண்ணன் தம்பிகள் சேர்ந்திருக்கிற வீட்டில், ஒவ்வொருவரும் தலைச்சன் பெண்ணுக்குத் தங்களைப் பெற்ற தாயின் பேரை வைப்பார்கள். பெரியவள், சின்னவள், நடுவள் என்று கூப்பிட்டுக்கொள்வார்களே தவிரப் பேர் எல்லாருக்கும் ஒன்றுதான். "மூணுகூட இருப்பாங்க" என்றேன். "அப்படியா" என்று தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணால பாத்துண்டு வந்துடறேன்" என்றான். மறுநாள் பைக்கில் ஹனூருக்குப் போனான். திரும்பி வரும்போது கொள்ளேகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி. அவ்வளவுதான். போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்று சொல்லியிருந்தாலும் கேட்கிற ஜாதி இல்லை அவன்.

எதற்காகப் போனான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது எனக்குப் பொறி தட்டியது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எங்கள் மேனேஜர் செலுவநாராயணன், ஒரே ஆள் இரண்டு தடவை ஏறியிருக்கிற பதிவுகளை எல்லாம் களையெடுத்திருந்தார். கன்னடத்தில் எழுதுகிறவர் சென்னம்மாவைச் 'செ' என்று அழுத்தி ஒரு மாதிரி ஆங்கிலத்தில் அடிப்பார். எங்கள் ஊர்க்காரர் வாயில் அது மெல்லிய 'ஸெ' ஆகி வேறு மாதிரி ஏறும். ஊரும் ஒன்று, குடும்பத் தலைவர் பேரும் ஒன்று என்றால் இரண்டும் ஒருத்திதான் என்று முடிவு கட்டி ஒன்றைத் தூக்கிவிடுவது. அப்படித் தூக்கப்பட்டவள்தான் பாம்பே குரூப்காரி என்றால்?

தேடினேன். மாரிசாமி வீட்டுச் சென்னம்மா என்று ஒருத்தி மிச்சம் இருந்தாள். ஓ பாசிட்டிவ். ஊர் என்ற இடத்தில் ஹனூர் தாலுகா என்று மட்டும் இருந்தது. நம்பரை அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு குரல் சொன்னது. அந்தத் தாலுகாவில் மாரிசாமி வீட்டுச் சென்னம்மா என்று விசாரித்தால் பஸ் கொள்ளாமல் வருவார்கள். பழைய நகல்களை மாதம் தவறாமல் அழிப்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் செலுவநாராயணன்தான். மனசுக்குள் அவரை என்னென்னவோ சொன்னேன்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. ஸ்ரீவத்ஸ் டேட்டாபேஸிடம் என்னென்ன கேட்டான் என்று பார்ப்பது.

எங்கள் தொழிலில் இது பலருக்குத் தெரியாது. நாம் கேட்கும் கேள்விகளை டேட்டாபேஸ் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கேட்டவர் எந்த மெஷினில் உட்கார்ந்து கேட்டாரோ, அந்த மெஷின்தான் அதைத் தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும். என் லேப்டாப்பில் கேட்டது என் லேப்டாப்பில். அவனுடையதில் கேட்டது அவனுடையதில். ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியவே தெரியாது. மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாகக் கேட்ட கேள்வி வரும், இன்னொரு தட்டுக்கு அதற்கு முந்தையது. கேள்விகள் மட்டும்தான் இருக்கும். பதில்களை எந்த மெஷினும் எழுதி வைப்பதில்லை.

ஸ்ரீவத்ஸின் லேப்டாப்பை அவன் காரியம் முடிந்த வாரமே சுத்தமாகத் துடைத்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அருண்ராஜுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், கன்னடம்தான் சரளமாக வரும். அவனிடம் கேட்டேன்.

"இதுல ஏதும் இல்ல அக்கா. ஆனா ஸ்ரீவத்ஸ் சார் நடு மெஷின்ல கூட வேல பண்ணுவார் அல்வா, இல்லையா? அங்க பாத்தீங்களா?"

நடு மெஷின் என்பது உள்ளறையில், பழைய மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் இருக்கிறது. பெரிய மாற்றங்கள் செய்ய வேண்டுமானால் அதற்குள் நுழைந்து அதன் வழியாகத்தான் டேட்டாபேஸுக்குப் போக வேண்டும். ஆபீசுக்கு வெளியிலிருந்து அதைத் தொடவே முடியாது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். விசிறி இரையும் சத்தம். எத்தனை தடவை பெருக்கினாலும் போகாத மிளகாய் நெடி.

ஸ்ரீவத்ஸ் பேரில் இருந்த கேள்வி வரலாற்றைத் திறந்தேன். ஆனி மாதத்தோடு நின்றிருந்தது. ஹனூரும் இல்லை, சென்னம்மாவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அருண்ராஜ் பார்க்கிறானே என்று அடக்கிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. உள்ளே போய்க் கேட்பதை எல்லாம் மெஷின் உடனுக்குடன் எழுதாது. முறையாக வெளியே வரும்போதுதான் மொத்தமாக எழுதும். கடைசித் தடவை உள்ளே போனவன் வெளியே வரவில்லை என்றால்?

இப்போது மெஷினுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். என் பேர் வந்தது. அதற்குக் கீழே ஸ்ரீவத்ஸ் என்று வந்தது.

அருண்ராஜ் ஒரு அடி பின்னால் போனான். "என்ன அக்கா இது?"

"மூடாம விட்டுட்டுப் போயிருக்கான்டா. மெஷின அப்பறம் யாரும் அணைக்கல. அதான் அப்படியே கெடக்குது." தைரியமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் இன்னொரு விவரம் இருந்தது. அந்த ஆள் கடைசியாக விசையைத் தட்டியது எப்போது என்று காட்டும் இடம். ஆடி மாதம் என்று இருக்க வேண்டும். இன்று காலை என்று இருந்தது. மருத்துவர் எங்களிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"கடிகாரம் தப்பு இருக்கும்" என்றான் அருண்ராஜ். அவன் குரல் அவனையே நம்பவில்லை.

"ஆபீசத் தொறந்ததே யாரு?"

"நான்தான் அக்கா. நான் இந்த ரூமுக்கே வரல. மாதேஸ்வரன் மேல ஆணெ." மலை மாதேஸ்வரன்மேல் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்துக்காரர்கள் பொய் சொல்லமாட்டார்கள். அவன் தாய்வழி ஹனூர்.

ஸ்ரீவத்ஸ் விட்டுப்போன திரையை எடுத்துப் போட்டேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து காபி குடிக்கப் போனவன் திரை மாதிரி இருந்தது.

கோடுகள், ஸ்ரீ. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: 'ஹனூர் சென்னம்மா, ஒண்ணா ரெண்டா?' பிறகு, தன் கையில் வைத்திருந்த பழைய நகலிலிருந்து நீக்கப்பட்ட அந்த ஒரு பதிவைத் திரும்பச் சேர்க்கும் வாக்கியம். ஒரு வரி சேர்ந்தது என்ற பதில். அப்புறம் இன்னொரு குறிப்பு: 'நேர்ல பாத்துண்டு வந்து கமிட்.'

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டேட்டாபேஸில் ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, கமிட் என்று சொல்லாமல் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைக்கிற மாதிரி. கமிட் சொன்ன பிறகுதான் அது வெளியே பந்திக்கு வரும். சொல்லாமல் அந்த இணைப்பு அறுந்தால், செய்தது எல்லாம் செய்யாதது ஆகிவிடும். அந்தச் சென்னம்மா செத்துப்போனவனின் திறந்த திரைக்குள் மட்டும் இருந்தாள். எங்கள் யாருக்கும் அவள் இல்லை. ஆடியிலிருந்து டேட்டாபேஸ் ஏன் இப்படி இழுக்கிறது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கும் இந்த முடியாத வேலைதான் காரணம்.

"அக்கா, கீழ பாருங்க" என்றான் அருண்ராஜ்.

நேர்ல பாத்துண்டு வந்து கமிட் என்ற வரியோடு திரை முடியவில்லை. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

'பாத்தாச்சு. ரெண்டு பேர்தான்.'

கமிட்

கமிட்டுக்குப் பின்னால் அரைப்புள்ளி இல்லை. அடுத்த வரியில் கர்சர் கட்டம் மினுக்கிக்கொண்டு, நீ இன்னும் பேசி முடிக்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தது.

பார்க்கப் போனவன் திரும்பி வரவே இல்லை. பார்த்தாயிற்று என்று இங்கே வந்து எழுதியது யார்? அவன் அரைப்புள்ளியை மறந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்தில் அடித்தாலும் அதை வைத்துவிடுவான். அதை மறப்பது என் தப்பு. என் ஒருத்தியின் தப்பு.

"போன்ல இருந்து அடிச்சிருப்பார் அக்கா" என்றான் அருண்ராஜ்.

"வெளிய இருந்து இதத் தொட முடியாதுன்னு உனக்கே தெரியும்."

அதற்குள் செலுவநாராயணன் தும்மிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஸ்ரீவத்ஸின் வீட்டோடு அவருக்கு நெடுநாள் பழக்கம்.

"யாரைக் கேட்டுண்டு இதைத் தொறந்தே மீனா? சாயங்காலம் இந்த மெஷினை அணைச்சு ஏத்தப் போறோம்னு சொன்னேனா இல்லையா? மூடு அதை."

"மூடினா எங்கக்கா செத்துருவா சார்."

அப்படிப் பட்டென்று சொல்வேன் என்று எனக்கே தெரியாது. களையெடுத்ததில் இரண்டு பேரை ஒருத்தியாக்கிவிட்டீர்கள், அதில் போனவள்தான் என் அக்காவுக்கு ரத்தம் கொடுக்க வேண்டியவள், அவள் இந்தத் திரைக்குள் இருக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கடைசி இரண்டு வரிகளை அவர் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"இவன் கையா இது?" என்றார் மெதுவாக.

"தெரியல சார்."

"இணைப்பு உயிரோட இருக்கா? நடுவுல அறுந்து போயிருந்தா?"

அதுதான் என் பயமும். திரை அப்படியே நிற்கும். ஆனால் பின்னால் கம்பி எப்போதோ அறுந்திருக்கலாம். அப்படியானால் நான் அரைப்புள்ளியை வைத்த கணமே மன்னிக்கவும் என்று ஒரு வரி வரும், சென்னம்மா ஒரேயடியாகப் போய்விடுவாள். சோதித்துப் பார்க்கவும் வழி இல்லை. முடியாத வாக்கியத்துக்கு நடுவில் வேறு எதை அடித்தாலும் அதையும் கமிட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும்.

"பேடா அக்கா, வேணாம், அவசரப்படாதீங்க. யாராவது பெரியவங்களக் கேக்கலாம்" என்றான் அருண்ராஜ்.

யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவன்தான் காத்துக்கொண்டிருந்தானே. அரைப்புள்ளியை வைத்தேன். அது திரையில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு என்ட்டரைத் தட்டினேன்.

அருண்ராஜ் மூச்சை இழுப்பது கேட்டது. கண்ணைத் திறந்தேன். பெரிய எழுத்தில் கமிட் என்று பதில் வந்திருந்தது.

ஓடிப்போய் என் லேப்டாப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். பாம்பே குரூப் யார் யார்? ஒரு வரி வந்தது. எங்கள் ஊர் வாய் சொல்கிற மாதிரியே எழுதிய சென்னம்மா, மாரிசாமி வீடு, ஹனூர் தாலுகா, ஒரு போன் நம்பர். கேள்வி கேட்டபோது அரைப்புள்ளியை மறக்காமல் வைத்திருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நம்பரை அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள்.

"ஏனுங்க, ஆருங்க பேசறது?"

"அக்கா, மைசூர்ல ரத்தம் குடுக்கறவங்க ஆபீசுல இருந்து பேசறேன். சென்னம்மாங்களா?"

"சின்னச் சென்னம்மாங்க. பெரியவ தோட்டத்துல இருக்கறா. மைசூருங்களா? அந்தத் தம்பி வந்தாருங்களே ஆடியில, அந்த ஆபீசுங்களா? ஒருநா கூப்புடுவாங்க, கட்டாயம் வரோணும்னு சொல்லீட்டுப் போனாருங்க. நானும் போனப் பாத்துட்டே இருக்கறனுங்க. இத்தன நாளா ஏனுங்க கூப்புடவே இல்ல?"

அக்காவின் பேரையும் ஆஸ்பத்திரியின் பேரையும் மட்டும் எப்படியோ சொன்னேன். இதோ கிளம்பிவிட்டோம் என்றாள். யாருக்கு, என்ன ஏது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் சின்னச் சென்னம்மாவும் அவள் புருஷனும் கொள்ளேகாலம் வந்து, பஸ் மாறி, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். மஞ்சள் பூசிய முகம், கையில் ஒரு துணிப்பை, பையில் அக்காவுக்கென்று முருங்கைக்கீரை. பொருத்தம் சரியாக இருந்தது. ஊசி ஏறிய கையோடு அவள் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவரு வந்தன்னிக்கு என்னங்க்கா நடந்துச்சு?"

"வெயில்ல வந்தாருங்க பாவம். மோரு குடுத்தேன். பெரியவளையும் என்னையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சாரு. மொகத்த மாத்தி மாத்திப் பாத்துட்டு, பாத்தாச்சு, ரெண்டு பேர்தான்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்குன்னா கூச்சமாப் போச்சு." அவளும் சிரித்தாள். "அப்பறம் ஆபீசுக்குச் சொல்லோணும்னாருங்க. வர்ற வழியில அவர் போனு விழுந்து நொறுங்கிப் போச்சாம். என்ற போனக் குடுத்தேன். நம்பரு ஞாபகம் இல்லீன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. நானே போயிச் சொல்லிக்கறேன், அது எங்கயும் போகாது, காத்துட்டிருக்கும்னாரு. என்னமோ வேலைய முடிக்காம வெச்சுட்டு வந்தாப்பல."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்கறாருங்களா?"

"இருக்காருக்கா" என்றேன். நடு மெஷினின் பட்டியலில் அப்போதும் அவன் பேர் இருந்தது. பொய் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையப் போயிற்று, சின்னச் சென்னம்மா கொடுத்தது அவளைக் காப்பாற்றியது. மதன் மாமா வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணாவதா ஒரு சென்னம்மா வெச்சற வேண்டியதுதான்" என்றார். அக்கா மயக்கம் தெளிந்து கேட்டபோது மறுக்கவில்லை.

நான் ஆபீசுக்குத் திரும்பியபோது செலுவநாராயணன் முகத்தில் களையே இல்லை. களையெடுத்து நீக்கிய பேர்களை எல்லாம் ஊர் ஊராக ஆள் அனுப்பி நேரில் பார்த்துச் சேர்க்கச் சொல்லியிருந்தார். நடு மெஷினை அவரும் அணைக்கவில்லை, வேறு யாரையும் அணைக்கவிடவும் இல்லை.

"நீயே மூடிடு மீனா" என்றார். "எனக்கு மனசு வரல."

எனக்கு மட்டும் வருமா? மூடினால் பட்டியலில் அவன் பேர் போய்விடும். அவன் இருக்கிறான் என்று சொல்கிற ஒரே இடம் அதுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன். மறுநாளும் தள்ளினேன். ஒரு மெஷின் மூலையில் இரைந்துகொண்டு இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அருண்ராஜிடம் எரிந்து விழுந்தேன். அவன் அந்த அறைப் பக்கமே போவதில்லை.

பிறகு ஒரு நாள் காலை, என் லேப்டாப்பைத் திறந்தேன். சின்னச் சென்னம்மாவின் நம்பர் வேண்டியிருந்தது. குழந்தைக்குப் பேர் வைக்கிற நாளுக்கு அழைக்க. கடைசியாகக் கேட்ட கேள்வியையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினேன்.

என் கேள்வி வரவில்லை. பின்சாய்கோடும் க்யூவும் வந்தன.

நான் அதை அடித்ததே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட விடைபெற்று வந்தவள் இல்லை நான், மூடியை மூடிவிட்டு எழுந்து போகிறவள். ராத்திரியெல்லாம் லேப்டாப் என் வீட்டு அலமாரியில் இருந்தது. மறுபடி அம்புக்குறியைத் தட்டினேன். இரண்டு சிறுகோடு, பக்கத்தில் ஸ்ரீ. இன்னொரு தட்டு. அப்போதுதான் என் பழைய கேள்வி, பாம்பே குரூப் யார் யார், என் அரைப்புள்ளியோடு.

நடு மெஷினில் நடந்தது நடு மெஷினோடு. என்னுடையது என்னோடு. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அவன் இங்கே வந்திருக்கிறான். ஸ்ரீ போட்டிருக்கிறான். எதையும் கேட்கவில்லை. வெளியே போகும் சொல்லை மட்டும் எழுதிவிட்டு, நான் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு அப்போது பயம் வரவில்லை. துக்கம்தான் வந்தது. பிடிவாதமாக நான் பிடித்துவைத்திருந்தது எனக்காகத்தான், அவனுக்காக இல்லை.

உள்ளறைக்குப் போனேன். விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவன் திரையை எடுத்துப் போட்டேன். பாத்தாச்சு, ரெண்டு பேர்தான். கமிட். அடுத்த வரியில் என் அரைப்புள்ளி. அதற்குக் கீழே கட்டம் மினுக்கியது.

"போயிட்டு வாடா" என்றேன்.

பின்சாய்கோடு. க்யூ. கை தானாக அரைப்புள்ளியைத் தேடிப் போயிற்று, இத்தனை நாளில் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. பிறகுதான் அவன் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வெளியே போகும் சொல்லுக்கு அரைப்புள்ளி தேவையில்லை.